டீம் லீட் பதவியா, திருவண்ணாமலையா?

வணக்கம் தம்பி. டீம் லீட் ஆனால் விடியற்காலைத் தியானம் போய்விடும், சோழிங்கநல்லூர் வேலையை விட்டுத் திருவண்ணாமலைக்கே போய்விடவா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். வீட்டுக் கடனும் அம்மாவின் மருந்துச் செலவும் உங்கள் தலையில்தான் என்கிறீர்கள். அந்தக் கவலையோடு எந்த மலையடியில் உட்கார்ந்தாலும் மனசு நிற்காது.

மயிலாப்பூரில் பங்குனி விழாவில் வலம் வரும் அறுபத்துமூவரைப் பாருங்கள். திருநீலகண்டர் பானை வனைந்தவர், அதிபத்தர் வலை வீசியவர், அமர்நீதியார் வணிகர். வாயிலார் அந்த மயிலையிலேயே இருந்து, மனத்துக்குள் கோயில் அமைத்து வழிபட்டவர். திருநின்றவூர்ப் பூசலாரும் அப்படித்தான். துறவு கேட்டு வந்த குடும்பஸ்தர்கள் பலரை, இருக்கும் இடத்திலிருந்தே ‘நான் யார்’ என்ற விசாரத்தைத் தொடரச் சொன்னவர் ரமணர். எனக்கு இவர்கள்தான் பெரிய தெம்பு.

பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சம்மதம் சொல்வதற்கு முன்பே, அமெரிக்கக் குழுவோடு பேசும் போன் கால்கள் வாரத்தில் எத்தனை இரவு என்று மேனேஜரிடம் பேசி முடித்துவிடுங்கள். தூக்கம் கெட்டால்தான் தியானம் கெடும். இரவு வேலை இருந்தால் மறுநாள் மாலை உட்காருங்கள், அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். அண்ணாமலைக்கு லீவு போட்டுப் போய் வாருங்கள். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிதானமாக நடக்கலாம். மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.