மகன் இணையத்தளங்களின் வேகம் பார்க்கிறான்: இது வேலையாகுமா?

அன்புள்ள அம்மா,

வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றதால் பல்கலைக்கழகம் கிடைக்காமல், மகன் குருநகரில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா படிப்பதாக எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்தால் நடுச்சாமம் வரைக்கும் யார் யாருடையவோ இணையத்தளங்கள் எத்தனை செக்கனில் திறக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறான், இதற்கு யார் சம்பளம் தரப்போகிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

தருவார்கள் அம்மா. ஆனால் இது மட்டும் தெரிந்த புதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனியும் எடுக்காது. தளம் கட்டுகிறவனாக, அல்லது மென்பொருளைப் பரிசோதிக்கிறவனாகத்தான் உள்ளே போகவேண்டும். அதே தகுதியோடு வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகளிடமிருந்து உங்கள் மகனைப் பிரித்துக் காட்டப் போவது இந்த அறிவு.

அவன் பார்ப்பது என்னவென்று சொல்கிறேன். குரோம் உலாவி பாவிக்கிறவர்களில், பாவனை விபரங்களை அனுப்பச் சம்மதித்தவர்களின் கருவிகளிலிருந்து, ஒரு பக்கம் அவர்களிடம் எப்படித் திறந்தது என்ற அளவுகள் ஆளை அடையாளம் காட்டாமல் கூகுளுக்குப் போகின்றன. 2017 முதல் கூகுள் அவற்றைத் தொகுத்து எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. முக்கியமாக மூன்று அளவுகள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 செக்கனுக்குள் தெரியவேண்டும். பொத்தானை அழுத்தினால் 200 மில்லிசெக்கனுக்குள் திரையில் ஏதாவது அசையவேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் துள்ளக்கூடாது. அதற்கான புள்ளி 0.1ஐத் தாண்டினால் குறை.

இந்த எல்லைகளை நால்வரில் மூவரின் அனுபவமாவது தொடவேண்டும் என்பது விதி. உங்கள் மகன் பதினோராம் ஆண்டில் திரள் மீடிறன் வளையி கீறி மூன்றாம் காலணை கண்டிருப்பானே, அதே கணக்குத்தான். சராசரியைப் பார்த்துத் திருப்திப்பட்டால் மெதுவான போனோடு நிற்கும் ஆள் கணக்கில் மறைந்துபோவார். கணிதப் பிரிவில் படித்த இரண்டு வருடமும் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இல்லை அம்மா, அது இங்கேதான் உதவப்போகிறது.

நம்முடைய பிள்ளைகளுக்கு இதில் கொழும்பில் இல்லாத ஒரு வாய்ப்பும் உண்டு. நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதி இருக்கிறது என்று வையுங்கள். அதன் தளத்தைத் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம்முடைய சனம் பார்க்கும். அங்கே நல்ல இணைப்பு, பக்கம் டக்கென்று திறக்கும். அதே பக்கத்தை நெடுந்தீவிலிருந்து பழைய அன்ட்ரொயிட் போனில் ஒருவர் திறக்கிறார். முகப்பில் போட்டிருக்கும் கோபுரப் படம் 4 மெகாபைட் என்றால், அது மேலிருந்து கீழே ஊர்ந்து வருவதற்குள் அவர் மூடிவிட்டுப் போய்விடுவார். உரிமையாளரின் அலுவலகக் கணினியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இரண்டு பக்கத்துச் சனத்தையும் அறிந்த பிள்ளைக்கு, அளவுகளை நாடு வாரியாகவும் கருவி வாரியாகவும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கூகுள் வெளியிடும் இந்தத் தரவில் ஒரு ஓட்டையும் உண்டு. ஐபோனில் குரோம் பாவிக்கிறவர்களின் அளவு இதற்குள் வருவதில்லை, சஃபாரி எப்படியும் வராது. வெளிநாட்டு உறவுகளில் எத்தனை பேர் கையில் ஐபோன் என்று உங்களுக்கே தெரியும். போதிய ஆட்கள் வராத சின்னத் தளங்களுக்குத் தரவே காட்டாது. ஊர்க் கடைகளின் தளங்களில் கனக்க அப்படித்தான் இருக்கும். ஆகவே, தளத்துக்குள்ளேயே சிறு நிரல் ஒன்றை வைத்து வருகிறவர்களின் அளவைத் தானே சேகரிக்க மகன் பழகவேண்டும். கூகுள் இதற்கென்றே 'வெப் வைட்டல்ஸ்' என்ற நிரலகத்தை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, இலவசமாகத் தந்திருக்கிறது. சேகரிக்கும்போது பெயர், தொலைபேசி எண் எதையும் தொடக்கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற கூகுளின் வேகச் சோதனைப் பக்கத்தில் கீழே ஒரு வட்டத்துக்குள் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி வரும். பிள்ளைகள் அதை நூறாக்கத்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அது உண்மையான போனைப் போல நடிக்கும் ஒரு கருவியில் ஒரே தடவை செய்த சோதனை. மேலே இருக்கும் பகுதிதான் உண்மையான ஆட்களின் கடந்த 28 நாள் அனுபவம். ஒன்றைத் திருத்தினால் அடுத்த நாளே அங்கே முழுதாகத் தெரியாது, நாலு கிழமை பொறுக்கவேண்டும். அந்தப் பொறுமையோடு ஒரு வேலையை முடித்துக் காட்டுவதுதான் நேர்முகத்தேர்வில் பேசும்: திருத்த முன் இத்தனை செக்கன், இன்ன காரணம், இன்ன மாற்றம், பின்பு இத்தனை செக்கன். கோயில் தளமோ மாமாவின் கடைத் தளமோ, ஒன்றே போதும். இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைக்கட்டும். வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அந்த ஆங்கிலம் கட்டாயம். ரியூசன் காசு கட்டுவதென்றால் அதற்குக் கட்டுங்கள்.

படித்தது பழசாகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். அளவுகள் மாறத்தான் செய்யும். பொத்தான் அழுத்தும் வேகத்துக்கு இருந்த பழைய அளவை 2024 மார்ச்சில் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அடிப்படை தெரிந்தவனுக்கு அது ஒரு வாரத்து வாசிப்பு.

டிப்ளோமாவை இடையில் விடவே கூடாது. சான்றிதழ் இல்லாமல் திறமையை மட்டும் பார்த்து எடுப்பார்கள் என்று இணையத்தில் சொல்வதை நம்பி நிறுத்தும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது. பட்டம் வேண்டும் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக நடத்தும் நிரலாக்கப் பயிற்சியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, புது மடிக்கணினிக்காக நகை அடகு வைக்கும் யோசனையை விடுங்கள். இப்போது இருப்பது குரோமைத் திறக்குமென்றால் இந்த வேலைக்குப் போதும். அதைவிட, அப்பாவின் பழைய அன்ட்ரொயிட் போனை விற்றுவிடாமல் மகனிடம் கொடுங்கள். யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, அந்தப் போனில் பக்கம் எங்கே திணறுகிறது என்பதைக் கணினித் திரையிலேயே பார்க்கலாம்.