புதிதாக சிபிடி செய்ய ஆரம்பிக்கிறவர் முதலில் எதைப் பழக வேண்டும்?

எம்.ஃபில் முடித்து இப்போதுதான் தனியாக கிளையன்ட் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள். சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றப் பழக்கும் உளச்சிகிச்சை) புத்தகத்தில் புரிகிறது, ஆள் எதிரே உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, எதை முதலில் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாதாடாமல் இருக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

"நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று கிளையன்ட் சொன்னதும் பெரும்பாலான புதியவர்கள், சான்று தேடுவதாக நினைத்துக்கொண்டு, "டிகிரி முடிச்சிருக்கீங்களே, வேலைக்குப் போறீங்களே" என்று வக்கீல் மாதிரி அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அவரிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆனால்' தயாராக இருக்கும், கடைசியில் நம் மனம் நோகக்கூடாது என்று "சரிங்க மேடம்" சொல்லிவிட்டுப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார். அந்த 'சரிங்க மேடம்'ஐ நம்பவே நம்பாதீர்கள். நம் ஊரில் டாக்டர் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. செஷன் முடிவில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். "இன்னைக்குப் பேசினதுல உங்களுக்கு ஒத்துவராதது எது?" என்று கேளுங்கள், ஏதாவது கிடைக்கும்.

சிபிடியை உருவாக்கிய மனநல மருத்துவர் ஆரோன் பெக் முதலில் உளப்பகுப்பாய்வு பயின்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற கருத்தை நிரூபிக்கத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார், தரவு ஒத்துவரவில்லை என்றதும் கருத்தைக் கைவிட்டார், 1960-களில் சிபிடி பிறந்தது அப்படித்தான். அறைக்குள் உங்களுக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். கிளையன்ட்டின் எண்ணம் தப்பு என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல், சரியா தப்பா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது.

பேனிக் கேஸ், அதாவது திடீர் திடீரென்று பெரும் பயம் தாக்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம் (பலரைச் சேர்த்துச் சொல்கிறேன், தனி ஒருவர் இல்லை). ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், ஆனாலும் சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், துணைக்கு மனைவி இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். "உங்க இதயத்துக்கு ஒண்ணுமில்லை" என்று இவரிடம் ஏற்கெனவே எல்லா டாக்டரும் சொல்லிவிட்டார்கள், நீங்களும் சொல்லிப் பயனில்லை. அதற்குப் பதில், வேகமாக மூச்சுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறார் என்பதை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்: "மயங்கி விழுவேன், 90 சதவீதம்." பிறகு இரண்டு பேரும் நின்றுகொண்டு ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சுவிடுங்கள், நீங்களும் சேர்ந்துதான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். "இதேதான் மேடம், அன்னைக்கு பஸ்ஸுல வந்தது" என்பார். விழவில்லை. அந்தச் சீட்டை அவர் முன்னால் வைத்து "இப்போ எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், விளக்கம் அவரிடமிருந்து வரட்டும். நாம் பத்து செஷன் பேசியும் நகராதது அந்த ஒரு நிமிடத்தில் நகர்வதுண்டு. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களிடம் மட்டும் டாக்டரிடம் உறுதிசெய்யாமல் இதைச் செய்யக்கூடாது.

மனச்சோர்வு என்றால் முதல் வாரமே எண்ணப் பதிவேட்டை (சூழல், எண்ணம், உணர்வு என்று கட்டம் கட்டமாக எழுதும் தாள்) தூக்கிக் கொடுக்காதீர்கள். எழுந்து குளிக்கவே தெம்பில்லாதவர் ஏழு கட்டத்தை எங்கே நிரப்பப் போகிறார்? 1996-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப்சனின் குழு மனச்சோர்வு பற்றி வெளியிட்ட ஆய்வில், செயல்பாட்டைக் கூட்டும் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தபோதும் முழு சிகிச்சைக்கு ஈடான பலன் கிடைத்தது. அதனால் காலையில் மொட்டைமாடிக்குப் போய் பத்து நிமிடம், போவதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு ஒரு மார்க், அவ்வளவு போதும். எழுத வராதவர் வாட்ஸப்பில் தனக்குத்தானே ஒரு வாய்ஸ் நோட் போட்டுக்கொள்ளட்டும். பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள்) கொடுத்தால் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள், சாவைப் பற்றியது அது, அதில் பூஜ்யம் இல்லையென்றால் அன்றைய திட்டம் எதுவாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பேச வேண்டும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்பது வேறு. அதற்கு ஒரே வழி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு செஷனை ஒலிப்பதிவு செய்து கேட்பது. கூச்சமாக இருக்கும், நம் குரலே நமக்குப் பிடிக்காது, பரவாயில்லை. சிகிச்சை தருபவரின் சிபிடி திறமைக்கு மார்க் போட சிடிஆர்எஸ் என்று ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கிறது, 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66, வழக்கமாக 40 எடுத்தால் தேர்ச்சி. ஆரம்பத்தில் மொத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் 'வழிநடத்திக் கண்டறிதல்' (கேள்வி கேட்டுக் கேட்டு கிளையன்ட்டையே கண்டுபிடிக்க வைப்பது) என்ற அம்சத்தை மட்டும் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு உங்களுக்கே பதில் தெரியாது என்று எண்ணிப் பார்த்தால் போதும், எல்லாவற்றுக்கும் பதில் முன்பே தெரிந்திருந்தால் அது வாதம்தான், கேள்விக்குறி போட்ட வாதம்.

சூப்பர்வைசரிடம் (உங்கள் கேஸ்களைப் பார்த்து வழிகாட்டும் அனுபவசாலியிடம்) கேஸ் வரலாறு முழுவதையும் ஒப்பிப்பதில் ஒரு மணி நேரமும் போய்விடும், அதற்குப் பதில் நீங்கள் தடுமாறிய ஐந்து நிமிடப் பதிவை மட்டும் எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் ஊரில் சிபிடி தெரிந்த சூப்பர்வைசர் இல்லையென்றால் ஆன்லைனில் பணம் கொடுத்தாவது மாதம் ஒரு முறை பாருங்கள், இன்னொரு சான்றிதழ் வகுப்புக்குக் கொடுக்கிற காசை இதில் போடலாம்.