நாலு அடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடித்துச் செத்துப்போன பொடியனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாகும்வரை அடித்தது பிழைதான். ஆனால் போன மாதம் என் அக்காவின் தாலிக்கொடி களவு போனது. நாலு அடி போடாமல் எந்தக் கள்ளன் உண்மை சொல்வான்? களவு கொடுத்தவர்களின் வலியையும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், சுன்னாகம்

வணக்கம்.

அக்காவின் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் நாலு அடியை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவனைக் களவுச் சந்தேகத்தில் கொண்டுபோனார்கள். பிணையில் வந்த அன்று தாய் சோறு குழைத்துத் தீத்திவிட்டார். 22 வயதுப் பிள்ளைக்கு. கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியதில் தோள் இரண்டும் எழும்பவில்லை, கவளம் வாய்வரை போகவில்லை. சிங்களத்தில் நாலு பக்கம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். தமிழ் அரசகரும மொழியாகி 1987 முதல் இத்தனை வருடம், அந்தத் தாள்களில் என்ன இருக்கிறதென்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. "நான்தான் எடுத்தேன்" என்று சொன்னானாம். அடி நிற்குமென்றால் நானும் சொல்லுவேன், நீங்களும் சொல்லுவீர்கள். நகை வேறொருவனிடம்தான் அகப்பட்டது.

சாதாரண வழக்கில் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் கொடுத்தது செல்லும். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ஒரு கையெழுத்தோடு உள்ளே போனார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடச் சிறை, கூடினால் 10. அடிபட்டவன் கள்ளன் என்றால் பரவாயில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. உங்கள் சுன்னாகத்தில் 2011இல் பொலிஸ் தடுப்பில் செத்த இளைஞனுக்காக, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் பொலிசாரையே சிறைக்கு அனுப்பியது.

இன்னொன்று, இதை அக்காவுக்கும் அயலுக்கும் சொல்லிவையுங்கள். நீதவான் முன் கொண்டுபோகும்போதே அடித்ததைச் சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். எங்கள் பொடியன் வாய் திறக்கவில்லை. அடித்தவர்களே பின்னால் நின்றார்களாம். அப்புறம், உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

அந்தத் தாய் என்னிடம் வந்தது நாற்பதாவது நாள்.