அசல் மைசூர்பாக்கில் ஏலக்காய், குங்குமப்பூ உண்டா?

"அரண்மனை மைசூர்பாக்கில் ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்டார்கள். நடுவில் தெரியும் சிவப்பு வெல்லத்தால் வருவது." பெங்களூர் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெல்லம் என்பது தவறு. வீட்டு அடுப்பிலேயே பார்த்துவிடலாம். கடலை மாவு 200 கிராம், சர்க்கரை 400, நெய் 400, தண்ணீர் 200 மி.லி. பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் சலித்த மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். பக்கத்து அடுப்பில் நெய் நன்றாகக் காய்ந்தபடியே இருக்கவேண்டும். கரண்டி கரண்டியாக ஊற்ற ஊற்ற மாவு நுரைத்துப் பொரியும். ஓரம் விட்டு வந்ததும் பாதியை ஆழமான சின்னப் பாத்திரத்தில் அழுத்தாமல் கொட்டுங்கள். மீதியைத் தட்டில் அரை அங்குலத்துக்குப் பரப்புங்கள். ஆழமானதில் சூடு உள்ளேயே தங்குவதால் நடுப்பகுதி தொடர்ந்து வெந்து சிவக்கும். பரப்பியது சட்டென ஆறிவிடும், மஞ்சளாகவே நிற்கும். இரண்டும் ஒரே கலவை!

மைசூர்பாக்கின் மணமே காய்ந்த நெய்யில் கடலை மாவு பொரிவதில்தான் இருக்கிறது. நெய் வெதுவெதுப்பாக இருந்தால் பொரியாது, துளை விழாது, பச்சை மாவு வாடை நிற்கும். அந்த வாடையை மூடத்தான் ஏலக்காய் கைகொடுக்கிறது. போடுவது குற்றமில்லை, ஆனால் ஒரு பங்கில் மட்டும் தூவி ருசித்தால் நெய் மணம் பின்னுக்குப் போவது தெரியும். (பாகு பதம் தாண்டினால் வில்லை கல்லாகிவிடும், அது வேறு கோளாறு.)

அரண்மனை விஷயம்: மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் சமையற்காரர் காகாசுர மாதப்பா செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதிலேயே பொருள்கள் மூன்றுதான்: கடலை மாவு, நெய், சர்க்கரை. கன்னடத்தில் 'பாக' என்றால் சர்க்கரைப் பாகு. பெயரும் அதைத்தான் சொல்கிறது. ஏலக்காய் இருந்தது என்பவர்தான் சான்று காட்டவேண்டும்.

மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ 'குங்குமப்பூ மைசூர்பாக்' என்று டப்பாவில் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடவேண்டும் என்பது சட்டம். நெய்க்கு முன்னால் வனஸ்பதியோ தாவர எண்ணெயோ இருந்தால் அதுதான் அதிகம். நிறமி எண் 102 இருந்தால் அது டார்ட்ரசின் என்ற செயற்கை மஞ்சள். அந்த நிறத்தைக் குங்குமப்பூவின் கணக்கில் எழுதாதீர்கள்.