அவன் முகத்தைப் பார்க்காமல் மகள் சாட்சி சொல்ல முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பக்கத்துத் தெருக்காரர் மீது, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது மகள் வந்து சாட்சி சொல்லச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. "அந்த ஆள் இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். இதற்கிடையில் கோர்ட்டில் ஆட்களைத் தெரியும் என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரசாங்க இழப்பீட்டை வாங்கித் தருகிறாராம், மூன்றில் ஒரு பங்கு அவருக்குத் தர வேண்டுமாம். எதிர்த்தரப்பு உறவினர்களோ, "கேஸ் தோற்றால் வாங்கின பணத்தை எல்லாம் திருப்பிக் கட்டணும், பேசாமல் சமாதானமாகப் போ" என்கிறார்கள். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மகளுக்கு உள்ள பதிலைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. முடியும். சாட்சி சொல்லும் நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. நடுவில் திரை போடலாம். ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடி வைக்கலாம். வேறு அறையில் உட்கார்ந்து வீடியோ வழியாகப் பேசலாம். அவள் பேசுவது அவனுக்குக் கேட்கும், அதை மகளிடம் மறைக்காதீர்கள். உள்ளே போன பிறகு தெரியவந்தால் உங்கள் மேலேயே நம்பிக்கை போய்விடும். "அவனுக்குக் கேட்கும், ஆனால் நீ அவனைப் பார்க்க வேண்டியதில்லை" என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அவளை நேருக்கு நேர் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். நடுநடுவே ஓய்வு கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம். திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது என்றும் 33-வது பிரிவில் இருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறதா என்றால், இல்லை. வக்கீல் எழுந்து நின்று நேரடியாக அதட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் திரை, தனியறை, நீதிபதி வழியாகக் கேள்வி ஆகிய மூன்றையும் கேட்டு அரசுத் தரப்புச் சிறப்பு வழக்குரைஞர் மூலம் முன்கூட்டியே மனு போடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்விகளை வீட்டில் வைத்து மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். "அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?" என்பது குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி. போலீசிலும் மாஜிஸ்திரேட்டிடமும் அவள் ஏற்கெனவே சொன்னதை நினைவுபடுத்த வேண்டுமானால் அதை அரசு வழக்குரைஞர் செய்யட்டும். இன்னொன்று. அநேகமாக நீங்களும் இந்த வழக்கில் சாட்சியாக இருப்பீர்கள். நம்பிக்கையானவர் ஒருவர் குழந்தையின் பக்கத்தில் இருக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், இன்னும் சாட்சி சொல்லாத தாய் உள்ளே இருக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். கடைசி நிமிடத்தில் உங்களை வெளியே அனுப்பினால் பிள்ளை உடைந்துவிடுவாள். சாட்சிப் பட்டியலில் இல்லாத சித்தியோ அத்தையோ யாராவது ஒருவரைத் தயாராக வைத்திருங்கள்.

இத்தனை வருடம் பாதிக்கப்பட்டவர்களோடும் சாட்சிகளோடும் கோர்ட் படி ஏறி இறங்கியதில் நான் கண்டது, பிள்ளைகள் பயந்து வாய் மூடிப்போவது பெரும்பாலும் வராந்தாவில்தான். சட்டம் திரை போடச் சொல்வது சாட்சி சொல்லும் இடத்தில். காலை பத்து மணிக்கு வந்து பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருக்கும்போது, எதிர்ப் பெஞ்சில் அவனும் அவன் வீட்டாரும் உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் நிற்பார்கள், டீக்கடையில் நிற்பார்கள், திரும்பிப் போகும் பஸ்ஸிலும் ஏறுவார்கள். குழந்தைகளும் பயத்தில் இருப்பவர்களும் சாட்சி சொல்ல மாவட்டம்தோறும் தனி வளாகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு குழந்தை நாள் முழுக்க வராந்தாவில் காத்திருந்துவிட்டு "வாய்தா, வேறு தேதியில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. குழந்தையின் சாட்சியத்தை 30 நாளிலும் வழக்கைக் கூடியவரை ஒரு வருடத்திலும் முடிக்கச் சொல்வது 35-வது பிரிவு. உங்களுக்கு ஒன்றரை வருடம் கழித்து முதல் சம்மன் வருகிறது.

வராந்தாவில் உங்களோடு இருப்பதற்கென்றே சட்டம் ஒருவரைத் தருகிறது. ஆதரவு நபர் என்று அவருக்குப் பெயர். மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுதான் அவரை நியமிக்கும். அவர் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. புகார் கொடுத்ததிலிருந்து வழக்கு முடியும்வரை கூடவே வருவார், தேதி சொல்வார், எங்கே உட்கார வைக்கலாம் என்று பார்ப்பார். அவருக்கு உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. இந்த நியமனத்தைப் பெற்றோர் கேட்டால் செய்வது, கேட்காவிட்டால் விடுவது என்று வைக்கக் கூடாது என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவரைப் பற்றிய பேச்சே இல்லை. ஒன்றரை வருடமாக யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கே 1098-க்குப் போன் செய்து உங்கள் மாவட்டக் குழு எங்கே உட்காருகிறது என்று கேட்டு, ஆதரவு நபர் வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், சம்மன் நகல் இரண்டையும் இணைத்தால் போதும்.

அந்த மூன்றில் ஒரு பங்கு ஆளுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இழப்பீட்டுக்கு மனு போடக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று விசாரித்தால் காட்டுவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதற்கு மேல் இந்த ஆள் செய்யப்போவது ஒன்றுமில்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு உண்டு. உத்தரவு வந்து கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணம் தர வேண்டும் என்பது விதி. அந்த உத்தரவு எப்படியும் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்துத்தான் இவர்கள் வீடு தேடி வருகிறார்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மைனர் பெயரில் வரும் இழப்பீட்டில் பொதுவாக 80 சதவீதம் வங்கியில் வைப்பு நிதியாகப் போய்விடும். பெண்ணுக்கு 18 வயது ஆகும்வரை, அதுவும் 3 வருடத்துக்குக் குறையாமல், அதைத் தொட முடியாது. ஒரு பேச்சுக்கு 4 லட்சம் உத்தரவானால் கைக்கு வருவது 80,000. மூன்றில் ஒரு பங்கு என்றால் அவருக்கு 1,33,000-க்கு மேல். மீதியை எங்கே போய் வாங்குவீர்கள்? வட்டிக்கும் அவரே ஆள் காட்டுவார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் மூன்றையும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று இப்படி ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தாய்க்குப் பணம் வந்த விஷயமே நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முத்திரைத் தாளில் போடவே போடாதீர்கள். இன்றைக்கு இழப்பீட்டு மனு என்று வாங்கிய கையெழுத்து, நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் சமாதானப் பத்திரமாக இருக்கும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வைப்பு நிதியிலிருந்து முன்கூட்டியே எடுக்க வேண்டிய நிலை வந்தால் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்துக் கேட்கலாம், அதற்கும் தரகர் வேண்டாம்.

கேஸ் தோற்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறார்களே, அது உங்களைப் பயமுறுத்தச் சொல்வது. போக்சோ விதிகள் 2020-ல் 9-வது விதியைப் பாருங்கள். குற்றவாளி என்று தீர்ப்பானால் மட்டும்தான் இழப்பீடு என்று அதில் இல்லை. விடுதலையானாலும் சரி, குற்றம் செய்தவர் யார் என்றே தெரியாமல் போனாலும் சரி, குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு தரச் சொல்லலாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ஒருவரை விடுவது வேறு, புகாரே பொய் என்று சொல்வது வேறு. பணத்தைத் திரும்பக் கேட்கும் பேச்சு வருவது இரண்டாவதில்தான். போதிய சாட்சியம் இல்லை, டாக்டர் வரவில்லை, போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை என்று விடுதலையாகும் வழக்குகள் எல்லாம் முதல் வகை. அதற்கு உங்கள் மகள் பொறுப்பாக மாட்டாள். "பொய் கேஸ் என்று பிள்ளையை ஜெயிலில் போடுவார்கள்" என்றும் சொல்லியிருப்பார்கள். குழந்தை பொய் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும் தண்டனை கிடையாது என்று 22-வது பிரிவில் எழுதியே இருக்கிறது. ஆனால் சமாதானம் பேசிக் காசு வாங்கிக்கொண்டு, முன்பு சொன்னதை எல்லாம் இல்லை என்று நீங்கள் கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால், பொய்ச் சாட்சி என்ற ஆபத்து பெரியவரான உங்களுக்கு வரும். இது பொய்ப் புகார் என்று காட்டக் காத்திருப்பவர்களுக்கு நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

சமாதானத்தால் வழக்கு நிற்கவும் நிற்காது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, மாணவியின் தந்தை சமாதானமாகப் போய்விட்டார் என்று அங்கே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளி, வழக்கு நடக்கட்டும் என்றது. சமாதானம் பேச வந்தவர்கள் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாட்சியை மாற்றிச் சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 232-வது பிரிவில் 7 வருடம் வரை தண்டனை உண்டு. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையில் உள்ள குழுவிடமும் மனு கொடுக்கலாம், டி.எஸ்.பி. 5 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அரசு வழக்குரைஞரிடமே அந்தப் படிவத்தைக் கேளுங்கள். "அடிச்சாங்களா? இல்லையே" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மன் தேதிக்கு நாலு நாள் முன்னால், கோர்ட் கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம் மகளை அழைத்துப் போய் அந்த அறையைக் காட்டிக் கூட்டி வாருங்கள். எந்த வாசலில் நுழைவது, எங்கே உட்காருவது, கழிப்பறை எங்கே என்று அவள் பார்த்துவிடட்டும். அன்றைக்கு இந்த நேரத்துக்கு வந்தால் போதும் என்று ஒரு மணி நேரத்தைக் குறித்துத் தரும்படி அரசு வழக்குரைஞரிடம் கேளுங்கள். அதுவரை அவள் வளாகத்துக்குள்ளேயே வர வேண்டாம். வந்துபோன பஸ் செலவுக்குச் சாட்சிப் படி உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் இரவு அரசு வழக்குரைஞருக்கோ கோர்ட் பணிக்கு வரும் காவலருக்கோ ஒரு போன் போடுங்கள். வாய்தா ஆகிவிட்டது என்றால் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம்.