பகலில் சாப்பிடாத சோறு

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எடை கூடியது. அதிலிருந்து பத்து வருடமாக டயட்தான். பேலியோ, கீட்டோ, பதினாறு மணி நேர விரதம் என எல்லாம் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எடை குறையும், பிறகு முன்பைவிடக் கூடும். நான்கு வருடமாக மதியம் சோறே கிடையாது. ஆனால் ஒரு வருடமாக, வாரத்தில் மூன்று நான்கு ராத்திரி, எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சச் சோறு, மிக்சர், பிள்ளைகளின் பிஸ்கட் என்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன். அப்புறம் அழுகை. டயட்டை விட்டுவிட ஆசையாக இருக்கிறது. விட்டால் இன்னும் குண்டாகிவிடுவேனோ, அம்மாவைப் போல எனக்கும் சர்க்கரை வந்துவிடுமோ என்று பயம். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் எல்லாருக்கும் சோறு வடித்து, பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருடம் அதைத் தொடாமல் இருந்திருக்கிறீர்கள். மனக்கட்டுப்பாடு இல்லாதவரால் நான்கு நாள்கூட அப்படி இருக்க முடியாது. ராத்திரி அடுப்படியில் நடப்பதற்குக் காரணம் பகலில் இருக்கிறது. உடம்பு தனக்குச் சேரவேண்டியதைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கியெடுத்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவுக்குத்தான் சாப்பாடு. இன்று கைபேசியில் சுற்றும் எத்தனையோ டயட் சார்ட்டுகள் 1,200 கலோரி என்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குன்றினார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றான பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை. வயிறு நிறைந்தும் பசித்தது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இந்த 36 பேரையும் மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்வீர்களா?

எடை குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு டயட்டுக்குப் பிறகும் எடை திரும்பி வந்ததற்கு நீங்கள் உங்களைத் திட்டிக்கொண்டது அநியாயம்.

சரி, என்ன செய்வது? மதியம் சோறு சாப்பிடுங்கள். சாம்பாரோ மீன்குழம்போ, ஒரு பொரியல், கடைசியில் மோர் என்று தட்டில் போட்டு, உட்கார்ந்து. காலைப் பலகாரத்தையும் ராத்திரிச் சாப்பாட்டையும் விடாதீர்கள். ராத்திரி ஒருவேளை மறுபடி அப்படிச் சாப்பிட்டுவிட்டாலும் மறுநாள் காலையில் பட்டினி வேண்டாம். அந்தப் பட்டினிதான் அடுத்த ராத்திரியைக் கொண்டுவருகிறது. மிக்சரை ஒளித்து வைக்காமல், சாயங்காலம் டீயோடு ஒரு கிண்ணத்தில் போட்டு எல்லாரோடும் சாப்பிடுங்கள். முதல் சில வாரம் பசி அளவுக்கு மீறியதாகத் தோன்றலாம். மறுபடி எப்போது சோற்றை நிறுத்துவீர்களோ என்று உடம்புக்குச் சந்தேகம் இருக்கும். அது தீர நாளாகும்.

எடை குறையும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கொஞ்சம் கூடலாம், அப்படியே நிற்கலாம். எங்கே போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எடை மெஷினைக் கொஞ்ச நாளைக்குப் பரண்மேல் போட்டுவிடுங்கள். பீரோவில் இளைத்த பிறகு போடலாம் என்று வைத்திருக்கும் ஜாக்கெட்டுகள் இருக்குமே, அவற்றில் தையல் பிரித்துவிட முடிந்ததைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். இன்றைய அளவுக்கு இரண்டு புதிதாகவும் தைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் இறுக்கும் ஜாக்கெட்டோடு ஒருத்தி தன் உடம்பிடம் எப்படிச் சமாதானமாக இருப்பாள்? "என்ன இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்கும் அத்தையிடம் "நல்லாத்தான் இருக்கேன் அத்தை, உங்க முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை பற்றிய பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். நம் மக்களில் ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அதை எடை மெஷின் சொல்லாது. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும். 5.7க்குக் கீழே இருந்தால் இப்போதைக்குக் கவலை இல்லை. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், இடையில் இருந்தால் எச்சரிக்கை. வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். சோற்றோடு பருப்பும் காயும் தாராளமாக இருக்கட்டும், சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடங்கள், சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நாளை மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொன்னால் அது வைத்தியம், அதைக் கேட்க வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டது தண்டனை.

இன்னொன்றையும் நேராகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவில் இது நடப்பது மருத்துவத்தில் ஒரு நோயாகவே அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. கட்டுமீறி உண்ணும் நோய் என்று சொல்லலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, பேச்சு சிகிச்சையிலேயே நிறையப் பேருக்குக் குணம் தெரிகிறது. தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ், 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

போகும்போது "எடை குறையவே மாட்டேங்குது டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள், இன்னொரு டயட் சார்ட்டோடு அனுப்பிவிடுவார்கள். "ராத்திரியில நிறுத்த முடியாம சாப்பிடுறேன், அப்புறம் அழுறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.