பிராஸ்டேட் ஆபரேஷன் பண்ணா நாய் வீடெல்லாம் ஒண்ணுக்கு போயிட்டே இருக்குமா?

பெங்களூரு அல்சூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "எங்க லாப்ரடார் பையனுக்கு 8 வயசு, நியூட்டர் (விதை எடுக்கற ஆபரேஷன்) பண்ணல. கொஞ்ச நாளா சும்மா படுத்திருக்கும்போதே ஒண்ணுக்கு போற இடத்து நுனியில ரத்தம் சொட்டுது, ஆய் போகவும் ரொம்ப முக்குறான். ஸ்கேன்ல பிராஸ்டேட் பெருசாகி இருக்கு, உள்ள நீர்க்கட்டியும் இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்ங்கறார் டாக்டர். எங்க மாமா பிராஸ்டேட் எடுத்ததுல இருந்து டயப்பர் போட்டுட்டுதான் வெளிய போறார், இவனுக்கும் அப்படி ஆயிடுமா? அடுத்த மாசம் தெரிஞ்சவங்க வீட்டு பெண் நாயோட சேர்க்கலாம்னு வேற இருந்தோம்."

மாமா கதையை கொஞ்சம் ஓரமா வைங்க மேடம். டாக்டர்கிட்ட நீங்க முதல்ல கேக்க வேண்டியது, எந்த ஆபரேஷன்னுதான். ஏன்னா நாய்க்கு பிராஸ்டேட் (மூத்திரப்பை கழுத்துல இருக்கற சுரப்பி) வீங்கினா வெட்னரி டாக்டருங்க நாங்க பெரும்பாலும் பிராஸ்டேட்டை தொடவே மாட்டோம், விதையைத்தான் எடுப்போம். அந்த சுரப்பி வளர்றதே விதையில சுரக்கற டெஸ்டோஸ்டிரோனாலதான், அது நின்னுட்டா தானா சுருங்க ஆரம்பிச்சிடும், சுமார் 3 வாரத்துலயே பாதி அளவுக்கு வந்துடும், ரத்தம் சொட்டறதும் முக்கறதும் அதோட குறைஞ்சிடும். (இதை நாய்ங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணி பார்த்துட்டுதான் சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கற டாக்டர் மனுஷங்களோட பிராஸ்டேட் கேன்சருக்கே ஹார்மோன் வைத்தியம் கொண்டு வந்தார், அதுக்கு 1966ல நோபல் பரிசும் கிடைச்சுது. பாவம் நாய்ங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல.) விதை எடுக்கறதுல மூத்திரப்பை பக்கமே கத்தி போறதில்ல, அதனால ஆண் நாய்க்கு இதுக்கப்புறம் யூரின் ஒழுகறது ரொம்ப அபூர்வம்.

உங்க பையனுக்கு நீர்க்கட்டியும் இருக்கே, அது பெருசா இருந்தாலோ சீழ் பிடிச்சிருந்தாலோ விதை எடுக்கறது மட்டும் போதாது. அப்ப வயித்தை திறந்து கட்டியை காலி பண்ணி, குடலை மூடியிருக்கற கொழுப்பு சவ்வு இருக்கில்ல, அதை ஒரு துண்டு இழுத்து அந்த குழிக்குள்ள வச்சு தைச்சிடுவாங்க. அந்த சவ்வுல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, மறுபடி ஊறற தண்ணியை அதுவே உறிஞ்சிடும், அதனால வெளிய டியூப் எல்லாம் தொங்க விட வேண்டியதில்ல. இதுல கொஞ்ச நாள் யூரின் கலங்கலா செவப்பா வரலாம், சில நாய் அங்கங்க சொட்டும், ஆனா நிறைய நாய்ங்க சரியாயிடும்.

நீங்க பயப்படற மாதிரி ஆகறது பிராஸ்டேட்டை முழுசா எடுக்கும்போதுதான். மூத்திரப்பையோட கழுத்துல, யூரின் வர்ற குழாயை சுத்தி மோதிரம் மாதிரி உக்காந்திருக்கு அந்த சுரப்பி, அதை எடுக்கணும்னா குழாயையே வெட்டி திரும்ப தைக்கணும், யூரினை அடக்கி வைக்கற நரம்புங்க எல்லாம் அது மேலயேதான் ஓடுது, எவ்வளவு பதமா பண்ணாலும் அடி படும். நிறைய நாய்க்கு அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும். மாத்திரை இருக்கு, சிலதுக்கு கேக்கும், பலதுக்கு கேக்காது, தொடை இடுக்குல தோல் வெந்து போய் புண்ணாகும். கேன்சர்னாதான் இதைப் பத்தி யோசிக்கறதே, அதுலயும் நாய்க்கு கண்டுபிடிக்கறதுக்குள்ள முதுகெலும்பு, நுரையீரல்னு பரவியிருக்கும், அதனால எங்கிட்ட கேட்டா பெரும்பாலும் வேணாம்னுதான் சொல்லுவேன். நியூட்டர் பண்ணாத நாய்க்கு வயசாகும்போது வர்ற சாதாரண வீக்கம்தான் அதிகம். ஆனா ஸ்கேன்ல சுண்ணாம்பு படிஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா கேன்சரான்னு சந்தேகப்படணும், ஊசி போட்டு செல் எடுத்து பார்க்காம கத்தியை எடுக்க விடாதீங்க. யூரின் கல்ச்சரும் (யூரின்ல கிருமி இருக்கான்னு பார்க்கற டெஸ்ட்) முன்னாடியே பண்ணிடுங்க. சந்தேகமா இருந்தா ஹெப்பால் வெட்னரி காலேஜ்ல ஒரு தடவை காட்டலாம்.

இனி பெண் நாயோட சேர்த்து குட்டி எடுக்கற விஷயம். விதை எடுத்தா குட்டி ஆசை அத்தோட முடிஞ்சுது, ஆனா உடனே இல்ல, விந்து குழாய்ல மிச்சம் இருக்கற விந்தால சில வாரம் வரைக்கும் சினை பிடிக்கலாம், அதனால ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு ஒன்றரை மாசம் ஹீட்ல (சினைப் பருவத்துல) இருக்கற பெண் நாய் பக்கம் விடாதீங்க. கட்டி சின்னதா, சீழ் இல்லாம இருந்தா ஆபரேஷனை தள்ளிப்போட்டு ஃபினாஸ்டரைடுன்னு ஒரு மாத்திரை கொடுத்து பார்க்கலாம். அது பிராஸ்டேட்டை மட்டும் சுருக்கும், விந்து உற்பத்தியை கெடுக்காது, வெளிய வர்ற நீரோட அளவு மட்டும் குறையும், ஏன்னா நாய்க்கு அதுல பெரும்பங்கு பிராஸ்டேட் தண்ணிதான். நிறுத்தினா திரும்ப வீங்கும். டோஸ் டாக்டர்தான் சொல்லணும், மாமாவோட ஸ்ட்ரிப்ல இருந்து எடுத்து கொடுத்துடாதீங்க, வீட்டுல கர்ப்பிணி யாராவது இருந்தா உடைச்ச மாத்திரையை கையால தொடவே கூடாது.

ஆனா அடுத்த மாசம்ங்கறது அவசரம். ரத்தம் சொட்டறது முழுசா நிக்கட்டும், அப்புறம் ரெண்டு நாய்க்கும் புரூசெல்லா ரத்த டெஸ்ட் பண்ணிடுங்க, அந்த கிருமி பிராஸ்டேட்லயே பதுங்கியிருக்கும், சேர்க்கும்போது பெண் நாய்க்கு தொத்தி குட்டி கலைஞ்சிடும், நமக்கும் தொத்தும். அதுல பாசிட்டிவ் வந்தா சேர்க்கற பேச்சே வேணாம்.